கூமுட்டையா, கருமுட்டையா? வீட்டில் கோழி வளர்க்கத் தொடங்கியவர்களுக்கு

நான் முதன்முதலாக அடை வைத்தது பதினொரு முட்டை. 21 நாள் கழித்து வெளியே வந்தது மூன்று குஞ்சு. மிச்சம் எட்டையும் எட்டிப் பார்த்த எதிர்வீட்டு அக்கா ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "சேவல் சரியில்லப்பா." நானும் நம்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே சேவல் குழம்புக்குப் போனது. வேறு சேவல் வாங்கி விட்டு மறுபடி அடை வைத்தேன். இந்தத் தடவை நான்கு. அதற்கப்புறம்தான் நடந்தது புரிந்தது. குற்றம் செத்துப்போன சேவலுடையது இல்லை. சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அடுப்படி அலமாரியில் மூன்று வாரம் முட்டைகளைச் சேர்த்து வைத்திருந்தேனே, அது.

கூமுட்டை என்ற ஒரே பெயரில் நாம் தூக்கிப் போடுவதில் இரண்டு சங்கதி கலந்து கிடக்கிறது. ஒன்று, சேவல் மிதிக்காததால் கருவே பிடிக்காத முட்டை. இன்னொன்று, கரு பிடித்து, பிறகு ஏதோ ஒரு நாளில் உள்ளேயே செத்துப்போனது. முதலாவது என்றால் சேவலைப் பார்க்க வேண்டும். இரண்டாவது என்றால் முட்டையைச் சேர்த்து வைத்த விதத்தையும் அடைக்கோழியையும் பார்க்க வேண்டும். இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாவிட்டால் சேவல்கள்தான் வரிசையாகக் குழம்பாகும்.

சேவல் எதற்கு, எதற்கு இல்லை

முட்டை இடுவதற்குக் கோழிக்குச் சேவல் தேவையே இல்லை. நாமக்கல் பண்ணைகளிலிருந்து கடைக்கு வரும் வெள்ளை முட்டை எல்லாம் சேவலையே பார்க்காத லேயர் கோழிகள் இட்டவை. அதைக் கொண்டுபோய் அடை வைத்தால் 21 நாள் இல்லை, 210 நாள் ஆனாலும் குஞ்சு வராது. அப்படி வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து வருத்தப்பட்டவர்கள் உண்டு.

சேவல் ஒருமுறை சேர்ந்தால் அந்த விந்தணுக்களைப் பெட்டை தன் முட்டைக் குழாயில் சின்னச் சின்னப் பைகளில் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளும். ஒரு முட்டை உள்ளே உருவாகி வெளியே வர ஒரு நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். ஓடு போடுவதற்கு வெகு முன்பே, மஞ்சள் கரு சினைப்பையை விட்டு விழுந்த கால் மணி நேரத்துக்குள் கரு பிடித்துவிட வேண்டும். அதனால் இன்று சேவல் சேர்ந்தால் நாளை வரும் முட்டையை நம்பாதீர்கள். நாளை மறுநாளிலிருந்து எதிர்பார்க்கலாம். அங்கிருந்து சுமார் இரண்டு வாரம் வரை, சில கோழிகளில் மூன்று வாரம் வரைகூட, கருமுட்டை, அதாவது கரு பிடித்த முட்டை, வந்துகொண்டிருக்கும்.

இதில் இரண்டு நடைமுறை விஷயம் இருக்கிறது. சேவலைக் கறிக்குப் போட்ட மறுநாளே "இனி கருமுட்டை கிடையாது" என்று நினைக்க வேண்டாம், கூடையில் இருப்பதை அடை வைக்கலாம். அதேபோல், சின்ன உடம்பு நாட்டு ரகமான சிறுவிடைச் சேவலை மாற்றி, சண்டைக்கோழி ரகமான அசில் சேவல் விட்டிருக்கிறீர்கள், அசில் குஞ்சுதான் வேண்டும் என்றால், பழைய சேவலை வெளியேற்றிய பிறகு மூன்று வாரம் வருகிற முட்டையைச் சாப்பிட்டுவிட்டு அதன்பின் சேர்க்கத் தொடங்குங்கள்.

உடைத்துப் பார்ப்பது: காலை ஆம்லெட்டே பரிசோதனை

இட்ட முட்டையை வெளியே இருந்து எப்படிப் பார்த்தாலும் கரு பிடித்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. டார்ச் அடித்தாலும் முதல் நாளில் ஒன்றும் தெரியாது. உடைத்தால் தெரியும். உடைத்த முட்டையை அடை வைக்க முடியாதே என்பீர்கள். சரிதான். ஆனால் தினமும் இரண்டு முட்டையாவது அடுப்படிக்குப் போகிறதல்லவா? அதை நேரே கல்லில் ஊற்றாமல் முதலில் ஒரு தட்டில் ஊற்றிப் பாருங்கள். இதில் பார்ப்பது அந்த ஒரு முட்டையை இல்லை, உங்கள் சேவலை.

மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். எல்லா முட்டையிலும் இருக்கும், கடை முட்டையிலும் இருக்கும். நம் மொழியில் மஞ்சள் கரு, வெண்கரு என்று இரண்டையுமே கரு என்று சொல்லி வைத்திருப்பதால், மஞ்சள்தான் குஞ்சாக மாறும் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மஞ்சள், குஞ்சுக்கான சோறு மட்டும். குஞ்சு உருவாவது இந்தப் புள்ளியிலிருந்து. அந்தப் பக்கம் எடை குறைவு என்பதால் பெரும்பாலும் அதுவே மேலே திரும்பி நிற்கும். தெரியவில்லை என்றால் கரண்டியின் முதுகால் மஞ்சளை மெல்லப் புரட்டுங்கள். குழல் விளக்கின் பளபளப்பு கண்ணைக் கூசும், ஜன்னலோரம் நின்று பார்ப்பதே வசதி.

கரு பிடிக்காததில் புள்ளி சின்னதாக, இரண்டு மில்லிமீட்டர் அளவில், கெட்டியான வெள்ளையாக இருக்கும். ஓரம் ஒழுங்காக இருக்காது. சுண்ணாம்பு ஒரு பொட்டுத் தெறித்த மாதிரி.

கரு பிடித்ததில் புள்ளி பெரிதாக, நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமாகப் பரந்திருக்கும். நடுவில் கொஞ்சம் தெளிவு, அதைச் சுற்றி வெள்ளை வளையம். உளுந்து வடையை மேலே இருந்து பார்த்தால் எப்படியோ அப்படி. முட்டை கோழியை விட்டு வெளியே வரும்போதே அந்த வட்டத்துக்குள் பல ஆயிரம் செல்கள் பிரிந்து தயாராக இருக்கும். குளிர்ந்ததும் வளர்ச்சி அப்படியே நின்றுவிடும், மறுபடி சூடு கிடைக்கும் வரை.

முதல் தடவை பார்ப்பவர்களுக்கு எது வளையம், எது பொட்டு என்று குழப்பம் வரும். அதற்கு ஒரு சுலபமான வழி: கடையில் ஒரு வெள்ளை லேயர் முட்டை வாங்கி வந்து, அதையும் உங்கள் கோழி முட்டையையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் உடையுங்கள். கடை முட்டையில் இருப்பது நிச்சயமாகக் கரு பிடிக்காத புள்ளி. அதை வைத்துக்கொண்டு மற்றதைப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நான்கைந்து முட்டைக்கு மேல் துணை முட்டை தேவைப்படாது, கண் பழகிவிடும்.

ஒரு முட்டையை வைத்து முடிவு கட்டாதீர்கள். எந்தப் பெட்டை இட்டது என்று தெரிந்தால் குறித்து வைத்து, ஒரு வாரத்தில் பத்து முட்டை பாருங்கள். பத்தில் எட்டு, ஒன்பதில் வளையம் இருந்தால் சேவல் வேலையைச் செய்கிறது, தைரியமாக அடை வைக்கலாம். ஐந்துக்குக் கீழே போனால் அடை வைப்பதை நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். என் கூட்டத்தில் ஒரு கறுப்புப் பெட்டையின் முட்டை மட்டும் திரும்பத் திரும்பப் பொட்டாகவே வந்தது. கவனித்துப் பார்த்தால், சேவல் கிட்டே வந்தாலே அது முருங்கை மரத்தில் ஏறிவிடுகிறது! மற்றப் பெட்டைகளுக்கு முதுகில் இறகு கலைந்து கிடக்க, இதன் முதுகு மட்டும் வழவழவென்று இருந்தது. முன்பே பார்த்திருக்கலாம்.

இந்தக் கருமுட்டையைச் சாப்பிடலாமா என்று கேட்பவர்கள் நிறைய. தாராளமாகச் சாப்பிடலாம். சூடு படாத வரை அதற்குள் குஞ்சு கிடையாது, ருசியிலும் சத்திலும் மாற்றம் கிடையாது. தினமும் எடுத்துவிட வேண்டும், கோடையில் காலையும் மாலையும் இரண்டு தடவை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் நம்பாதீர்கள்

மஞ்சளின் மேல் ரத்தப் பொட்டு இருந்தால் கருமுட்டை என்பது ரொம்பப் பரவலான நம்பிக்கை. அது முட்டை உருவாகும்போது கோழியின் உள்ளே ஒரு சின்ன ரத்தக் குழாய் அறுந்ததால் வந்தது. சேவல் இல்லாத பண்ணை முட்டையிலும் வரும். மஞ்சளின் இரு பக்கமும் முறுக்கிய நூல் போல வெள்ளையாக ஒன்று தொங்குமே, அதுவும் குஞ்சின் வால் கிடையாது. மஞ்சளை நடுவில் பிடித்து நிறுத்தும் கயிறு அது. அது திடமாகத் தெரிந்தால் முட்டை புதிது என்று அர்த்தம்.

தண்ணீரில் போட்டால் மிதப்பது கூமுட்டை என்பார்கள். தண்ணீர் சொல்வது முட்டையின் வயதை. நாளாக ஆக ஓட்டின் வழியே ஈரம் போய் உள்ளே காற்றறை பெரிதாகும், அதனால் மிதக்கும். கருவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கூர்முனை முட்டை சேவலாகும், உருண்டை முட்டை பெட்டையாகும் என்பதும் இதே கணக்கில் சேர்த்தி.

என் அம்மாச்சி அடை வைக்கும்போது கூடையில் ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் போடுவார். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடுமாம். நான் போடுவதில்லை. அம்மாச்சி வந்திருந்தால் மட்டும் போடுவேன்.

அடைக்குச் சேர்க்கும் முட்டை

நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டுவிட்டுத்தான் அடைக்கு உட்காரும். தினம் ஒன்றோ, ஒருநாள் விட்டு ஒருநாளோ இடுவதால், கடைசி முட்டை வரும்போது முதல் முட்டைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் வயதாகியிருக்கும். ஏழு நாளுக்கு மேல் ஆக ஆகப் பொரிக்கும் திறன் இறங்கிக்கொண்டே போகும். ஆகவே முதலில் வந்தவற்றைச் சாப்பிடுங்கள், கடைசி ஏழிலிருந்து பத்து நாளுக்குள் வந்தவற்றை அடைக்கு எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி எழுதுங்கள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு.

சேர்த்து வைக்கும் இடம்தான் என்னைக் கவிழ்த்தது. கரு தூங்க வேண்டுமென்றால் இருபது டிகிரிக்குக் கீழே இருப்பது நல்லது. நம்மூர்க் கோடையில் அது எங்கே கிடைக்கும்? வெளியே முப்பத்தைந்து, முப்பத்தெட்டு டிகிரியில் வைத்தால் கரு தூங்காமல் அரைகுறையாக வளர ஆரம்பித்து, அடை வைக்கும் முன்பே செத்துவிடும். ஃபிரிட்ஜும் ஆகாது, அது ரொம்பக் குளிர்ச்சி. நான் இப்போது செய்வது: ஈரமணல் மேல் ஒரு மண்சட்டி, அதில் தவிடு, தவிட்டில் கூர்முனை கீழாக முட்டை, சட்டி மேல் ஈரத்துணி, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலை. சித்திரை, வைகாசியில் ஐந்து நாளுக்கு மேல் சேர்ப்பதில்லை. முட்டையைக் கழுவுவதும் இல்லை. அழுக்கானது சமையலுக்கு.

சிறுவிடைக்கு ஒன்பது, பதினொன்று, நல்ல உடம்புள்ள கோழிக்குப் பதின்மூன்று. இறக்கைக்கு வெளியே முட்டை தெரிந்தால் அதிகம் வைத்திருக்கிறீர்கள்.

ஏழாம் நாள் இரவு

வெளிச்சத்தில் பார்ப்பதற்கு ஏற்ற நாள் ஏழாம் நாள். வெள்ளை ஓட்டில் ஐந்தாம் நாளே தெரியும். நாட்டுக்கோழி முட்டை பழுப்பு, அவசரப்பட்டால் தெளிவில்லாமல் நல்ல முட்டையைத் தூக்கிப் போட நேரும்.

தேவையானது ஒரு செல்போன், ஒரு அட்டைத் துண்டு. அட்டையில் ஒரு ரூபாய்க் காசு அளவு ஓட்டை போட்டு, போனின் டார்ச் மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை முட்டையின் அகன்ற முனையைவிடச் சின்னதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் வெளிச்சம் கசிந்து ஒன்றும் தெரியாது. அறை நல்ல இருட்டாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் அது குளியலறை.

இருட்டியபின் கோழி மந்தமாக இருக்கும், கொத்துவது குறைவு. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, இறக்கைக்கடியில் கையை நுழைத்து இரண்டிரண்டாக எடுங்கள். கோழியே தினமும் தீனிக்கும் தண்ணீருக்கும் கால் மணி நேரம் எழுந்து போகிறது, அதனால் பத்து நிமிடம் வெளியே இருந்தால் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. அகன்ற முனையை வெளிச்சத்தின் மேல் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். குலுக்காதீர்கள்.

உயிருள்ள முட்டையில் மேல்பக்கம் செக்கச் சிவந்த வெளிச்சம், அதில் மரக்கிளை போலக் கிளை விட்டு ஓடும் நரம்புகள், நரம்புகள் கூடும் இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. அது குஞ்சின் கண். நான் முதல் முறை பார்த்தபோது அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிலந்தி வலைக்குள் அசைகிற சிலந்தி மாதிரி, அது ஒரு துடிப்புத் துடித்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. வெளியே மனைவி கதவைத் தட்டி, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்றாள். உள்ளே வந்து அவளும் பார்த்தாள். அன்று எங்கள் வீட்டில் சாப்பாடு பத்து மணிக்குத்தான்.

கரு பிடிக்காத முட்டை கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். சுற்றினால் மஞ்சளின் நிழல் மட்டும் மேகம் போல நகரும். நரம்பு ஒன்றுகூட இராது.

மூன்றாவது வகை ரத்த வளையம். நரம்புக் கிளைகள் இல்லாமல், ஓட்டை ஒட்டிச் சிவப்பாக ஒரு கோடு வட்டமாகவோ வில்லாகவோ ஓடும். கரு பிடித்து, மூன்று நான்கு நாள் வளர்ந்து, செத்துவிட்டது. இங்கே சேவலைத் திட்ட இடமில்லை.

சந்தேகமாக இருக்கிற முட்டையில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு மறுபடி அடியில் வைத்துவிடுங்கள். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் தானே சொல்லும். அதேநேரம், தேதி எழுதாத முட்டை ஏதாவது அடியில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். மற்றப் பெட்டைகள் அடைக்கோழியின் கூடையில் வந்து இட்டுவிட்டுப் போகும். மூன்று நாள் முந்தி வந்த முட்டையைக் கரு பிடிக்காதது என்று தப்பாக நினைக்க அதுவே காரணம். தவிர, முந்திப் பொரித்த குஞ்சுகளோடு கோழி எழுந்துவிட்டால் பிந்திய முட்டை வீண்.

இரண்டாவது தடவை பதினான்காம் நாள். உயிருள்ளது முக்கால்வாசி இருண்டு, மேலே காற்றறை மட்டும் வெளிச்சமாக நிற்கும், இருட்டின் ஓரத்தில் நரம்பு தெரியும். செத்தது கலங்கலாக, சாய்த்தால் உள்ளே தண்ணீர் போல அலம்பும். 18ஆம் நாளுக்கு மேல் முட்டையைத் தொடவே வேண்டாம். அந்தச் சமயத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு "ஆடுகிறதா" என்று பார்க்கும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. ஓட்டில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் குஞ்சு மூழ்கிவிடும்.

இன்குபேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் நாள் கணக்கு இதேதான். காற்றாடி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி.

தெளிவாகத் தெரிந்ததை உடையுங்கள்

பெரும்பாலானவர்கள் இங்கே ஒரு தப்புச் செய்கிறார்கள். ஏழாம் நாள் தெளிவாகத் தெரிந்த முட்டை எல்லாம் சேவல் மிதிக்காதது என்று எண்ணிவிடுகிறார்கள். முதல் இரண்டு நாளுக்குள், அல்லது அடை வைக்கும் முன்பே செத்த கருவும் டார்ச்சில் தெளிவாகத்தான் தெரியும். நரம்பு வருவதற்குள் செத்துவிட்டதே!

எடுத்து வந்து வெளியே ஒரு தட்டில் உடையுங்கள். மஞ்சள் ஏறக்குறையப் புதிதாக இருந்து அதே சின்ன வெள்ளைப் பொட்டு தெரிந்தால், அது கரு பிடிக்காதது. பொட்டு இருந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கோ அதைவிடச் சின்னதாகவோ வெண்மையான ஆடை படர்ந்திருந்தால், கரு தொடங்கி நின்றுபோனது. என்னுடைய இரண்டாவது ஈட்டில் ஐந்தை இப்படி உடைத்தேன். நான்கில் ஆடை, ஒன்றில்தான் பொட்டு. இதை முதல் ஈட்டிலேயே செய்திருந்தால் அந்தச் சேவல் இன்னும் கூவிக்கொண்டிருந்திருக்கும்.

பொட்டே அதிகம் என்றால் சேவல் பக்கம் போகலாம். ஒரு சேவலுக்கு எட்டு, பத்துப் பெட்டை அளவு. ஆறு மாதம் ஆகாத இளஞ்சேவல், வயதான சேவல், காலில் அடிபட்டு நொண்டுகிற சேவல், கொழுத்துத் தடித்த சேவல் இவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. இரண்டு சேவல் இருந்தால் கருமுட்டை கூடும் என்பதும் இல்லை, சின்ன இடத்தில் ஒன்றை ஒன்று விரட்டுவதிலேயே பொழுது போய்விடும். கடும் வெயிலில் நல்ல சேவலுக்கே விந்தின் தரம் குறையும், நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்து ஆனி, ஆடி வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுங்கள்.

எடுத்த முட்டைகளைச் சாப்பிட வேண்டாம், ஏழு நாள் கோழியின் உடம்புச் சூட்டில் கிடந்தவை. நாற்றம் அடிக்கிற, ஓட்டில் ஈரம் கசிகிற முட்டை மட்டும் தனிக் கவனம். உள்ளே வாயு கட்டியிருக்கும், அடைக்கூடையிலேயே வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும். ஈரத்துணியில் பொத்தினாற்போல் எடுத்து, தென்னைமரத்தடியில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதையுங்கள். ஒரு சாண் குழி போதும் என்று நினைத்தேன். மறுநாள் காலை எங்கள் நாய் அதைத் தோண்டி எடுத்து, வாசல் கோலத்தின் மேலேயே கொண்டுவந்து போட்டிருந்தது.